ஃபைப்ராய்டு: எடுத்துவிட்டுக் கருத்தரிப்பதா, அப்படியே விடுவதா?

கருப்பையில் ஃபைப்ராய்டு என்ற நார்க்கட்டி இருப்பதாக ஸ்கேனில் வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது அளவைத்தான். 6 செ.மீ. என்றால் பயம், 2 செ.மீ. என்றால் நிம்மதி. குழந்தைக்குத் திட்டமிடுபவர்களுக்கு இந்தக் கணக்கு பல சமயம் உதவாது. கட்டி எங்கே இருக்கிறது என்பதை முதலில் கேளுங்கள்.

கரு தங்கி வளரும் உள்ளறைக்குள் கட்டி துருத்திக்கொண்டிருந்தால், சிறியதாக இருந்தாலும் கரு பதிவதைத் தடுக்கலாம், கருச்சிதைவு வாய்ப்பைக் கூட்டலாம். இதை எடுத்துவிடுவதே மேல். வயிற்றைக் கிழிக்காமல், கருப்பை வாய் வழியாக ஹிஸ்டெரோஸ்கோப் என்ற கேமரா பொருத்திய மெல்லிய குழாயை விட்டே எடுக்கலாம். சில மாதங்களில் கருத்தரிக்க முயலலாம். வெளிப்பக்கம் வளர்ந்திருக்கும் கட்டி இதற்கு நேர்மாறு. பெரும்பாலும் கருவுக்கு அதனால் தொந்தரவில்லை, விட்டுவிடலாம்.

குழப்பமெல்லாம் சுவரின் தசைக்குள் புதைந்திருக்கும் கட்டியில்தான்.

அதை விட்டுவிட்டால் என்ன ஆகும்? பெரும்பாலான கட்டிகள் கர்ப்பத்தில் அதிகம் வளர்வதில்லை. வளர்பவையும் முதல் சில மாதங்களில்தான் வளர்கின்றன. நிறையப் பெண்கள் எந்தத் தொல்லையும் இல்லாமல் பெற்றெடுக்கிறார்கள். ஆனால் பெரிய கட்டிக்கு ரத்த ஓட்டம் போதாமல் அது உள்ளுக்குள் சிதையத் தொடங்கினால், வயிற்றில் ஒரே இடத்தில் கையை வைக்க முடியாத அளவுக்கு வலிக்கும், லேசாகக் காய்ச்சலும் அடிக்கும். ஓய்வும் பாராசிட்டமாலும் பெரும்பாலும் போதும். இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளைத் தானாகப் போடவே கூடாது. 20 வாரத்துக்குப் பிறகு அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். நஞ்சுக்கொடி கட்டியின் மேலேயே ஒட்டியிருந்தால் முன்கூட்டியே பிரியும் ஆபத்து கூடும். கட்டி கீழ்ப்பகுதியில் இருந்தால் தலை இறங்க இடமிருக்காது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கும் அதிகமாகலாம், அதனால் ரத்தம் ஏற்றும் வசதியுள்ள மருத்துவமனையாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

சரி, எடுத்துவிட்டால்? கட்டி போகும், தழும்பு வரும். தசையைக் கீறி எடுத்து, அடுக்கடுக்காகத் தைப்பார்கள். ஆறுவதற்குப் பொதுவாக 3 முதல் 6 மாதம், ஆழமான கீறலுக்கு அதைவிட அதிகமாகக்கூடக் காத்திருக்கச் சொல்வார்கள். 38 வயதில் அந்த மாதங்கள் ஒவ்வொன்றும் முக்கியம். கர்ப்பத்தில் இந்தத் தழும்பு கிழிவது அரிது, 100 பேரில் ஒருவருக்கும் குறைவு. சிசேரியனின் குறுக்குத் தழும்போ சாதாரணப் பிரசவத்துக்கு முயலும்போது சுமார் 200-ல் ஒருவருக்குக் கிழிகிறது. எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் கட்டி எடுத்த தழும்பு பிரசவ வலி எடுக்கும் முன்பே கிழியக்கூடும். அதனால்தான் ஆழமாகக் கீறியவர்களுக்கு 37, 38 வாரத்திலேயே சிசேரியன் வைக்கிறார்கள். கட்டி மறுபடி முளைக்கவும் செய்யும்.

ரத்தக்குழாயை அடைத்துக் கட்டியைச் சுருக்கும் சிகிச்சையும் உண்டு. குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு அதைப் பொதுவாக முதலில் சொல்வதில்லை.

உள்ளறையின் வடிவம் கெடவில்லை, கருச்சிதைவும் ஆனதில்லை, மாதவிடாய் ரத்தப்போக்கும் சமாளிக்கும் அளவில்தான் என்றால், தசைக்குள் இருக்கும் கட்டியைத் தொடாமல் கருத்தரிக்க முயல்வதே என் தேர்வு. 'எதற்கும் எடுத்துவிடலாமே' என்பது மட்டும் ஒரு காரணமாகாது. கருப்பையில் விழும் ஒவ்வொரு தழும்பும் அடுத்தடுத்த கர்ப்பங்களுக்கும் கூடவே வரும். உள்ளறை நசுங்கியிருந்தால், திரும்பத் திரும்பக் கரு கலைந்தால், ரத்தசோகை வரும் அளவுக்குப் போக்கு இருந்தால், எடுப்பதில் நியாயம் உண்டு.

ஏற்கெனவே எடுத்தாயிற்றா? டிஸ்சார்ஜ் சம்மரியில் பல சமயம் 'கட்டி அகற்றப்பட்டது' என்ற ஒரு வரிதான் இருக்கும். அது பத்தாது. அறுவைக் குறிப்பையே கேட்டு வாங்குங்கள்: எத்தனை கீறல், எந்தச் சுவரில், உள்ளறை வரை திறந்தார்களா. சாதாரணப் பிரசவமா சிசேரியனா என்று முடிவு செய்ய மருத்துவருக்கு அதுதான் வேண்டும். அப்புறம், கர்ப்பத்தில் விட்டுவிடாத வயிற்றுவலியோ ரத்தக்கசிவோ வந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போய், கருப்பையில் அறுவை நடந்திருக்கிறது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.