மூன்று மொனிட்டர்களும் ஒரு கணநேர மின்தடையும்

அக்கரைப்பற்றில் இருக்கும் நண்பர் ஒருவர், கொழும்புப் பங்குச் சந்தையில் அன்றாடம் வாங்கி விற்கும் வேலையை வீட்டிலிருந்தே செய்யத் தீர்மானித்திருப்பதாகவும், அதற்கு என்னைப் போல மூன்று மொனிட்டர்களைப் பொருத்துவது பெறுமதியானதா என்றும் கேட்டு எழுதியிருந்தார். ஒரு வரியில் பதில் அனுப்ப முயன்று முடியாமற்போனதால் இதை எழுதுகிறேன். அளவையும் தெளிவையும் கடைக்காரரே சொல்லிவிடுவார். என்னுடையவை மூன்றும் 24 அங்குலம், 1920க்கு 1080 புள்ளிகள்; பங்கு விலை பார்ப்பதற்கு அதற்கு மேல் தேவையில்லை.

சந்தை காலை 9.30க்குத் திறந்து பிற்பகல் 2.30க்கு மூடுகிறது. அந்த ஐந்து மணி நேரமும் நடுத்திரையில் விலை வரைபடம் இருக்கும். வலத்திரையில் தரகரின் கட்டளைச் சாளரமும், எடுத்துக்கொண்ட பங்கை எந்த விலையில் எவ்வளவு வாங்கவும் விற்கவும் காத்திருக்கிறார்கள் என்ற பட்டியலும், கம்பனிகளின் அறிவித்தல்களும் இருக்கும். இடத்திரையை மட்டும் தொண்ணூறு பாகை திருப்பி நெடுக்காக நிறுத்தியிருக்கிறேன். நான் கவனிக்கும் பங்குகளின் விலைப் பட்டியல் அதில் மேலிருந்து கீழாக ஓடுகிறது.

இந்த நெடுக்குத் திரை தந்த மகிழ்ச்சியை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. கிடையாக இருக்கும்போது பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும் பட்டியல், நெடுக்காக்கியவுடன் ஏறக்குறைய இரு மடங்கு நீளத்துக்கு விரிகிறது, உருட்ட வேண்டியதில்லை. நமது சந்தையில் பல பங்குகள் மணிக்கணக்காக அசையாமல் கிடந்துவிட்டு, யாரோ ஒருவரின் பெரிய கட்டளையோடு திடீரென்று விழித்துக்கொள்பவை. அந்த விழிப்பு பட்டியலின் மறைந்த பகுதியில் நடந்தால், நீங்கள் அதை அறியும்போது விலை போய்விட்டிருக்கும். 2025 ஏப்ரல் 7 அன்று, அமெரிக்காவின் புதிய தீர்வை வரிகளால் ஆசியச் சந்தைகள் எல்லாம் சரிந்தபோது, இங்கே இருபது பெரிய கம்பனிகளின் பங்கு விலையைக் காட்டும் எஸ் அன்ட் பி எஸ்எல்20 சுட்டி 5 சதவீதத்துக்கு மேல் இறங்கி, வர்த்தகம் அரை மணி நேரம் நிறுத்தி வைக்கப்பட்டது. பட்டியல் முழுவதும் சிவந்துகிடந்த அந்த அரை மணி நேரத்தில், அதிகம் அடிபடாத பங்குகள் எவை என்பதை எதையும் திறக்காமல், எதையும் தேடாமல், மேலிருந்து கீழாக ஒரே பார்வையில் வாசிக்க முடிந்தது. மொனிட்டர் வாங்குபவர்கள் மூன்றா நான்கா என்று விவாதிப்பதை விட்டு, ஒன்றையாவது திருப்பி நிறுத்தக்கூடிய தாங்கியோடு வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. திருப்புவதற்கு, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகைத் திரையே ஏற்றது. மலிவான டிஎன் வகையை நெடுக்காக நிறுத்தினால் இடது கண்ணுக்கு ஒரு நிறமும் வலது கண்ணுக்கு வேறொரு நிறமும் தெரிந்து தலை இடிக்கும்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டேன். இனி என் கோபத்துக்கு வருகிறேன்.

மட்டக்களப்பில் நீண்ட மின்வெட்டு எனக்குப் பெரிய தொல்லையாக இருந்ததில்லை. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தோம். ஆனால் எப்போது போகும், எப்போது வரும் என்பதற்கு ஓர் அட்டவணை இருந்தது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு நாடு முழுவதையும் இருளாக்கியது. அது ஞாயிற்றுக்கிழமை என்பதால் சந்தையைப் பொறுத்தவரை அந்தக் குரங்கு நாகரிகமாகவே நடந்துகொண்டது என்பேன். தொல்லை கொடுப்பது வேறொன்று: விளக்கு ஒருமுறை மங்கி மறுபடி எரியும் அந்தக் கணநேரத் தடை. வாடைக்காற்றுக் காலத்தில் தென்னோலை கம்பியில் உரசினாலும் அது நிகழும்; காரணம் ஏதும் தெரியாத தெளிவான காலையிலும் நிகழும். மின்விசிறி வேகம் குறைவதற்குள் மின்சாரம் திரும்பிவிடுவதால் வீட்டில் வேறு யாரும் அதைக் கவனிப்பதுகூட இல்லை.

மூன்று திரை வைத்திருப்பவர் கவனிப்பார். மொனிட்டர் மின்சாரத்தை இழந்தால், குறிப்பாக டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் இணைக்கப்பட்டிருந்தால், அந்தத் திரை கழற்றப்பட்டுவிட்டது என்றே கணினி விளங்கிக்கொள்கிறது. அதிலிருந்த சாளரங்களை மிஞ்சிய திரைக்குத் தள்ளுகிறது. மூன்றும் ஒன்றாக அணைந்தால், எந்தத் திரையும் இல்லை என்று எண்ணி எல்லாவற்றையும் ஒரு சிறு கற்பனைத் திரையின் மூலைக்குள் அடைத்துவிடுகிறது. பிறகு மொனிட்டர்கள் ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றும் தன் வேகத்தில் உயிர்பெறும்போது, வரைபடமும் பட்டியலும் கட்டளைச் சாளரமும் கல்யாண வீட்டு வாசற் செருப்புகளைப் போல ஒரே இடத்தில் குவிந்துகிடக்கும். உங்களுடையதைக் கிளறி எடுக்க வேண்டும். விலை நகர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில், எங்கே போனது என்று தெரியாத சாளரத்தில் ஒரு விற்பனைக் கட்டளை பாதி நிரப்பப்பட்டு நிற்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

கடையில் இவற்றைப் பொருத்தித் தந்தவர், மின்சாரம் போனால் பற்றரியிலிருந்து மின் கொடுக்கும் யூபிஎஸ்ஸைக் கணினிக்கு மட்டும் கொடுத்து, மொனிட்டர்களைச் சாதாரண மல்ரி பிளக்கில் செருகியிருந்தார். "திரை அணைந்தால் என்ன சேர், கணினி அணையாதுதானே" என்பது அவருடைய நியாயம். ஒரே திரையில் கடிதம் தட்டச்சுச் செய்யும் அலுவலகத்துக்கு அந்த நியாயம் முற்றிலும் பொருந்தும். மூன்று திரைகளுக்கு அது தலைகீழான ஏற்பாடு. கணினி விழித்திருப்பதால்தான் திரைகள் காணாமற்போனதை அது கண்டு, எல்லாவற்றையும் கலைக்கிறது.

எனவே முதல் விதி, மொனிட்டர்கள் அனைத்தும் யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். இதற்குப் பெரிய யூபிஎஸ் தேவையில்லை. 24 அங்குல எல்ஈடி மொனிட்டர் ஒன்று ஏறக்குறைய 20 வாற் அளவே எடுக்கும். விளையாட்டுகளுக்கான பெரிய கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணினியையும் சேர்த்தால்கூட 650 விஏ யூபிஎஸ் ஒன்றின் கொள்ளளவில் பாதியைத் தாண்டாது. விண்டோஸ் 11இன் திரை அமைப்புகளில், மொனிட்டர் இணைப்புக்கு ஏற்பச் சாளரங்களின் இடத்தை நினைவில் வைக்கும் தெரிவு ஒன்றும் உண்டு. அதை இயக்கினால் உலாவியும் கணக்குத் தாளும் தத்தம் இடத்துக்குத் திரும்புகின்றன. நான் பயன்படுத்தும் வர்த்தக மென்பொருளின் மிதக்கும் சாளரங்கள் திரும்புவதில்லை. அதாவது எவை திரும்ப வேண்டுமோ அவை மட்டும் திரும்புவதில்லை.

யூபிஎஸ்ஸுக்கு மாற்றிய பிறகும் வலத்திரை மட்டும் அடம் பிடித்தது. இவ்வகைச் சிறிய யூபிஎஸ்கள், மின்சாரம் போனதும் பற்றரிக்கு மாறுவதற்குச் சில மில்லிசெக்கன்கள் எடுக்கும். மற்ற இரண்டும் அந்த இடைவெளியைத் தாங்கின, வலது தாங்கவில்லை. நகரில் பழுது பார்க்கும் தம்பி ஒருவர் அதன் அடப்டரைத் திறந்து, உப்பேறிய இணைப்புகளையும் உப்பிய கபாசிற்றரையும் காட்டி, "அண்ணன், மொனிட்டரிலே பிழை இல்லை, இது கடற்காத்து செய்த வேலை" என்றார். நான் இருக்கும் மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் இருக்க, எந்த உலோகமும் பளபளப்பாக நீடிப்பதில்லை; மொனிட்டர் தாங்கியின் திருகாணிகளில்கூட எனக்குத் துருப்பிடித்திருக்கிறது. கபாசிற்றரை மாற்றிய பின் வலத்திரை அசையாமல் நிற்கிறது. பழுதுக்கான கூலி, ஒரு கொடுக்கல் வாங்கலுக்கு நான் செலுத்தும் தரகைவிடக் குறைவு.

ஆனால் யூபிஎஸ்ஸின் பற்றரி என்றொரு தொல்லை மிச்சம் இருக்கிறது. ஈய அமிலப் பற்றரியின் ஆயுள் 25 பாகை செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்பது பொதுக் கணக்கு. சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில், குளிரூட்டி இல்லாத என் அறையில், மேசைக்குக் கீழே கணினியின் வெப்பத்தையும் வாங்கிக்கொண்டு இருக்கும் பெட்டிக்குள் என்ன நடக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். புதிதாக இருக்கும்போது கால் மணி நேரத்துக்குக் கிட்ட நிற்கும் யூபிஎஸ், இரண்டு கச்சானைக் கண்ட பிறகு ஒரு கீச்சொலியோடு எல்லாவற்றையும் கைவிடுகிறது. அப்போது சாளரங்கள் கலைவதில்லை, கணினியே அணைந்துவிடுகிறது. பற்றரியை மேசையிலிருந்து விலக்கிக் காற்றோட்டமான மூலைக்கு மாற்றியது ஓரளவு உதவியிருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். நடுத்திரை 2021இல் வாங்கியது; மற்ற இரண்டும் 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயைத் தொட்ட பிறகு வாங்கியவை என்பதால், விலை கூடியும் தரம் குறைந்தும் அமைந்தன. மூன்றிலும் பச்சை மூன்று விதமாகத் தெரிகிறது, பழகிவிட்டது. கழுத்து வலி, திரையின் மேல் விளிம்பைக் கண் மட்டத்துக்கு இறக்கியதும் போய்விட்டது. இணைய ரவுட்டருக்கு 12 வோல்ட் சிறு யூபிஎஸ் ஒன்றைப் போடாவிட்டால், மின்சாரம் போகும்போது மூன்று திரைகளும் உறைந்த விலைகளைத்தான் காட்டும்.

திரைகளால் இலாபம் கூடியதா என்பது நண்பரின் உள்ளார்ந்த கேள்வி. சாதாரணக் கட்டணப்படி வாங்கும்போது 1.12 சதவீதமும் விற்கும்போது 1.12 சதவீதமும் போகின்றன. ஒரே நாளில் முடிக்கும் கொடுக்கல் வாங்கலுக்குத் தரகர் சலுகை தந்தாலும், விலை கணிசமாக அசைந்தாலன்றிக் கையில் எதுவும் மிஞ்சாது. அசைவை முன்கூட்டிக் காண்பதற்கு நெடுக்குத் திரை உதவுகிறது. வலத்திரை எனக்கு எதைச் சம்பாதித்துத் தந்தது என்று கேட்டால் காட்டுவதற்கு என்னிடம் ஒரு சதமும் இல்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில் இதுதான்: இரண்டோடு நிறுத்துங்கள், ஒன்றை நெடுக்காக நிறுத்துங்கள், மூன்றாவதுக்கு ஒதுக்கிய பணத்தை யூபிஎஸ்ஸுக்கும் அதன் அடுத்த பற்றரிக்கும் வைத்திருங்கள். இதை மூன்று திரைகளுக்கு முன்னால் இருந்துகொண்டே எழுதுகிறேன் என்பதும், வலத்திரையை விலைக்குக் கேட்டால் நான் கொடுக்கமாட்டேன் என்பதும் அவருக்கு நியாயமாகப் படாது. அதைப் பற்றிக் கச்சான் முடிந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.