தோட்டப்புறக் குப்பை: குழியா, ஜெராமா, உலையா, உரமா?

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலம், கோலசிலாங்கூர் மாவட்டத்துப் பெஸ்தாரி ஜெயா போன்ற தோட்டப்புற ஊரில் குப்பையைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் நான்கு யோசனைகள் எழும். தோட்டத்துக்குள்ளேயே குழி வெட்டிக் கொட்டலாம். லோரியில் ஏற்றி ஜெராம் குப்பை நிலத்துக்கு அனுப்பலாம். எரித்து மின்சாரம் எடுக்கும் உலை ஒன்றைக் கேட்கலாம். இல்லாவிட்டால் ஈரக் குப்பையைப் பிரித்து உரமாக்கலாம். செலவை மட்டும் பார்த்தால் குழிதான் ஜெயிக்கும். அதனால்தான் அது இத்தனை காலம் தாக்குப் பிடித்திருக்கிறது. ஆற்றையும் மண்ணையும் காற்றையும் கணக்கில் சேர்த்தால் வரிசை மாறிவிடுகிறது.

முதலில் அளவைப் பார்ப்போம். மலேசியாவில் ஒருவர் நாளொன்றுக்குப் போடும் குப்பை ஏறத்தாழ 1.2 கிலோ. ஊரில் 10,000 பேர் என்று வைத்துக்கொண்டால் 12 டன் வரும். வீட்டுக் குப்பையில் 45 விழுக்காட்டை ஒட்டி உணவுக் கழிவு. ஆக, தினமும் 5 டன்னுக்கு மேல் மிச்சச் சோறு, காய்கறித் தோல், மீன் செதில், டீத்தூள். இந்த ஈரம்தான் எல்லா வழிக்கும் தலைவலி. குழியில் போட்டால் கருப்புத் தண்ணீராகக் கசியும். குப்பை நிலத்தில் புதைத்தால் மீத்தேனாகும். உலையில் போட்டால் சூட்டைத் தின்னும். உரத்துக்கு மட்டும் அதுவே மூலப்பொருள்.

குழியை ஆதரிப்பவர்கள் சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. பல தோட்டங்களில் நகராண்மைக் கழக லோரி லயத்து வீடுகள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வரை வருவதில்லை. அது தனியார் நிலம். தொழிலாளர் குடியிருப்பையும் அதன் வசதிகளையும் கவனிக்க வேண்டியது முதலாளி என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நிர்வாகம் டிராக்டரில் அள்ளி, தோட்டத்தின் ஒரு கோடியில் குழி தோண்டிக் கொட்டுகிறது. இரண்டு வாரம் கழித்து யாரோ நெருப்பு வைக்கிறார்கள். பழைய காலத்தில் குழிக்குப் போனது வாழை இலை, சாம்பல், கந்தல் துணி, எப்போதாவது ஒரு மத்தி டின். இன்று போவது பிளாஸ்டிக் பை, பெம்பர்ஸ் (குழந்தை டயப்பர்), மீ பாக்கெட், பேட்டரி. குழி அதே குழிதான், போடும் பொருள் வேறு. பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில், குறைந்த சூட்டில் எரித்தால் டையாக்சின் போன்ற நச்சு வெளியாகும். அந்தப் புகை முதலில் நுழைவது லயத்துச் சன்னலுக்குள். 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு திறந்தவெளி எரிப்பைத் தடை செய்கிறது. 2024இல் அதற்கான உச்ச அபராதம் 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் தானே தீப்பிடித்து எரியக்கூடிய மக்கிய கரிமண் நிலமும் உண்டு. அங்கே தீ மண்ணுக்குள் இறங்கிவிட்டால் மேலே தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது.

எரிக்காமல் விட்டாலும் குழி சும்மா இருக்காது. அடியில் கசிவைத் தடுக்கும் விரிப்பு இல்லாத குழியின் கசிவுநீர் மழையோடு தோட்டத்துக் கால்வாயில் கலந்து, சுங்கை சிலாங்கூரில் போய்ச் சேரும். கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி குடிக்கும் தண்ணீர் இந்த ஆற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் தொழிற்சாலைக் கழிவு கலந்து, இந்த ஆற்றை நம்பியுள்ள நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. சுமார் 12 லட்சம் இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றது. தோட்டக் குழி ஒன்றால் அப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் ஆற்றங்கரையில் எத்தனை குழிகள் இருக்கின்றன என்று யாராவது எண்ணிப் பார்க்க வேண்டும். ஆற்றின் கீழ்ப்பகுதியில் கம்போங் குவந்தான் மின்மினிகள் இருக்கின்றன. அவற்றின் புழுக்கள் கரைச் சேற்றில் நத்தை தின்று வளர்பவை. வளர்ந்த பூச்சிகள் பெரெம்பாங் மரத்தில் மினுக்குபவை. கரை கெட்டால் முதலில் போவது அவைதான். குழியைச் சுற்றி மேயும் மாடு, எலி, டின்னில் தேங்கும் மழைத்தண்ணீரில் முட்டையிடும் ஏடிஸ் கொசு இதெல்லாம் ஊருக்கே தெரிந்த கதை. என் பட்டியலில் குழிக்குக் கடைசி இடம்தான், அதில் பேரம் இல்லை.

ஜெராம் அதே மாவட்டத்தில் இருக்கிறது. முறைப்படி அமைத்த குப்பை நிலம் என்பதால் அடியில் விரிப்பு, கசிவுநீரைப் பிடித்துச் சுத்திகரிக்க ஏற்பாடு, மேலே மண் மூடல் எல்லாம் உண்டு. இப்படிப்பட்ட இடங்களின் கசிவுநீருக்கு 2009இலேயே தனி விதிமுறை வந்துவிட்டது. குழியோடு ஒப்பிட்டால் ஆற்றுக்கு இது பல மடங்கு பாதுகாப்பு. காற்று விஷயத்தில்தான் இடிக்கிறது. காற்றுப் புகாமல் புதைந்த உணவுக் கழிவிலிருந்து எழும் வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 28 மடங்கு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். உலு சிலாங்கூரின் புக்கிட் தாகாரில் அந்த வாயுவைக் குழாயில் பிடித்து மின்சாரம் எடுக்கிறார்கள். இருந்தாலும் புதைத்ததில் எழும் வாயு அத்தனையும் குழாயில் சிக்கிவிடாது. ஈரச் சோற்றை லோரியில் ஏற்றிக்கொண்டு போவது, பாதி தண்ணீரை டீசல் செலவழித்துச் சுமப்பதுதான்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். கோலாலம்பூரின் குப்பை தாமான் பெரிங்கின் குப்பை மாற்று நிலையத்தில் அழுத்தப்பட்டு, முன்பு செம்பனைத் தோட்டமாக இருந்த புக்கிட் தாகாருக்குப் போகிறது. நெகிரி செம்பிலானின் குப்பை நிலம் ஒன்று லாடாங் தானா மேரா என்ற தோட்டத்தில் இருக்கிறது. நகரத்தின் குப்பை தோட்டத்து நிலத்துக்கு வர ரோடு போடப்படுகிறது. தோட்டத்தின் குப்பை வெளியே போக லோரிக்கு வழியில்லை.

உலையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அதே லாடாங் தானா மேராவில் அமைந்த, குப்பையிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆலை நாளொன்றுக்கு 600 டன் கொள்ளளவு கொண்டது. நம்முடைய 12 டன்னை வைத்து அதற்குக் காலைப் பசியாறக்கூடப் போட முடியாது; நிரப்ப 5 லட்சம் பேரின் குப்பை வேண்டும். ஆக, உலை வந்தால் ஊரார் குப்பையெல்லாம் நம் ஊருக்கு வரும். நச்சு சிதைய வாயு 850 டிகிரிக்கு மேல் குறைந்தது 2 விநாடி இருக்க வேண்டும். ஈரக் குப்பையில் அந்தச் சூட்டைப் பிடிப்பது சிரமம். வடிகட்டியில் சிக்கும் பறக்கும் சாம்பலைத் தனியாகக் கையாள வேண்டும். முதலில் பூச்சோங்கிலும் பிறகு புரோகாவிலும் திட்டமிட்ட 1,500 டன் உலையை எதிர்த்து மக்கள் நீதிமன்றம் வரை போனார்கள். 2007இல் அது கைவிடப்பட்டது. பெருநகரத்துக்கு உலை சரியா என்பது வேறு விவாதம். தோட்டப்புற ஊருக்கு அது பொருந்தவில்லை.

உரம் என்றால் பலர் நினைப்பது மூடி போட்ட வாளியும் ஒரு பிடி தவிடும்தான். லயத்து வீட்டுக் கொல்லைக்கு அது போதும், ஊருக்குப் போதாது. உணவுக் கழிவில் ஈரமும் நைட்ரஜனும் அதிகம். தனியாகக் குவித்தால் அழுகி நாறும். நைட்ரஜன் 1 பங்குக்குக் கார்பன் 25 முதல் 30 பங்கு வருமாறு உலர்ந்த பொருளைக் கலக்க வேண்டும். நகரத்தில் இதற்கு மரத்தூள் தேடி அலைகிறார்கள். நம் வட்டாரத்திலோ அது கண்முன்னே குவிந்து கிடக்கிறது: பழம் உதிர்த்தபின் செம்பனை எண்ணெய் ஆலை வெளியே தள்ளும் வெறுங்குலை. ஆலைக்குள் போகும் குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெறுங்குலையாகத் திரும்பும். மணிக்கு 30 டன் ஆட்டும் ஆலை 16 மணி நேரம் ஓடினால் அன்று மட்டும் 100 டன்னை ஒட்டி வரும். பல ஆலைகள் வெறுங்குலையை நறுக்கி, ஆலைக் கழிவுநீரைத் தெளித்து உரமாக்குகின்றன. அந்தக் குவியலில் ஊரின் 5 டன் ஈரக் குப்பை ஒரு மூலைக்குத்தான் வரும். 1917இல் நாட்டில் முதன்முதலாக வணிக அளவில் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் இதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. நூறாண்டாகச் செம்பனையோடு வாழும் ஊர் உலர்பொருளுக்கு வெளியே போகத் தேவையில்லை.

சிக்கல் இல்லாமல் இல்லை. அழுகும் வெறுங்குலைக் குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அந்த வண்டு இளஞ்செம்பனையின் குருத்தைத் துளைக்கும். குவியலைத் தவறாமல் புரட்டி, உள்சூட்டை 55 டிகிரிக்கு மேல் வைத்திருந்தால் புழு பிழைக்காது. புரட்ட ஆளில்லை என்றால் நிர்வாகம் ஒப்புக்கொள்ளாததில் நியாயம் இருக்கிறது. மழைக்குக் கூரை வேண்டும், இல்லாவிட்டால் குழியின் கருப்புத் தண்ணீர் இங்கேயும் ஓடும். எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் வீட்டு வாசலில் இருக்கிறது. பிளாஸ்டிக் துண்டு கலந்த உரத்தை எந்த மேலாளரும் வயலில் போடமாட்டார். குப்பை பிரிப்பு 2015 செப்டம்பர் முதல், திடக்கழிவு நிர்வாகம் பற்றிய 672ஆம் சட்டத்தை ஏற்ற மாநிலங்களில் கட்டாயம். சிலாங்கூர் அந்தச் சட்டத்தில் சேரவில்லை; ஆகவே இங்கே அபராதத்தைக் காட்டிப் பிரிக்கச் சொல்ல முடியாது. தோட்டத்தில் அதற்கு மாற்று உண்டு. லயம் ஒவ்வொன்றும் சிறியது, யார் வாளி எது என்று எல்லாருக்கும் தெரியும். திருவிழா அன்னதானத்துக்கு வாழை இலையைத் தனியே சேர்க்கிறவர்கள், அதையே தினமும் செய்யச் சொன்னால் முகம் சுளிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே என் தேர்வு, ஈரம் ஆலைக்கு, மிச்சம் ஜெராமுக்கு. மிச்சத்தில் பெம்பர்ஸ் கணிசமாக இருக்கும். அதற்கு இப்போதைக்கு வேறு வழியில்லை. ஈரம் போய்விட்டால் மிச்சம் அழுகாது, வாரம் இருமுறை எடுத்தால் போதும், லயம் லயமாக லோரி ஏற வேண்டியதும் இல்லை. தோட்டத்து நுழைவாயிலில் மூடியுள்ள ஒரு ரோரோ தொட்டி (லோரி அப்படியே இழுத்து ஏற்றிச் செல்லும் பெரிய தொட்டி) வைத்து, அதுவரை டிராக்டர் கொண்டுவந்து கொட்டலாம். கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் அருகில் வைக்கக் கூடாது. தொட்டி வாடகையைத் தோட்டம் தருமா, நகராண்மைக் கழகம் தருமா என்பதைத்தான் அடுத்த கூட்டத்தில் முதலில் எடுக்க வேண்டும். அது முடிவாகும்வரை பழைய குழிக்கு நெருப்பு வைக்காமல் மண் போட்டு மூடச் சொல்லலாம்.