ஹார்ட் டிஸ்கை ஃபார்மட் செய்யக் கொடுக்கிறீர்களா? 4,800 ரூபாயோடு ஆயாவின் பேச்சையும் பறிகொடுத்தோம்

காரைக்குடியில் கணினி விற்பனையும் பழுதுபார்ப்பும் சேர்த்து நடத்தும் ஒரு கடையில் 4,800 ரூபாயைக் கொடுத்து, எங்கள் குடும்பத்தின் ஒளிப்பதிவுகளையும் இழந்துவிட்டு, அந்தக் கோபம் ஆறாமலே இதை எழுதுகிறேன்.

எங்களுடைய 2 டிபி வெளி டிரைவ், விண்டோஸ் கணினிகள் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையான என்டிஎஃப்எஸ் அமைப்பில் இருந்தது. படைப்புக்காக ஊருக்கு வந்த தங்கையின் மேக் கணினி அதைப் படித்ததே தவிர, அதில் எதையும் எழுத மறுத்தது. மேக்கின் இயல்பே அதுதான். ஆகவே, விண்டோஸிலும் மேக்கிலும் எழுதும்படி ஃபார்மட் செய்து, அதாவது டிரைவைத் துடைத்து வேறு அமைப்புக்கு மாற்றித் தரவேண்டும், ஆனாலும் உள்ளே இருப்பதில் ஒன்றுகூடக் குறையக்கூடாது என்று கடையில் சொன்னேன்.

“கவலையே வேண்டாம் ஆச்சி, எல்லாவற்றையும் எங்கள் கணினியில் இறக்கிவிட்டுத்தான் கை வைப்போம்” என்றார் அந்த இளைஞர். என் பெயரை ஒரு தாளில் எழுதி டிரைவின் மேல் ஒட்டினார். கோப்புகள் நகலாவதைத் திரையைத் திருப்பிக் காட்டினார். இவ்வளவு பொறுப்பாகச் செய்கிறாரே என்று மனம் நிறைந்துதான் கேட்ட 1,800 ரூபாயையும் முன்பணமாகவே கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், புகைப்படங்களும் சின்னச் சின்ன ஒளிப்பதிவுகளும் அப்படியே இருந்தன. பெரியவை ஒன்றுகூட இல்லை. அப்பச்சியின் சாந்திக் கல்யாண (அறுபதாம் கல்யாண) ஒளிப்பதிவு இல்லை. தம் மாமனார் பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போன கதையை எங்கள் பாட்டி, ஆயா, பட்டாலையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் சொன்ன பதிவும் இல்லை. ஆயா இப்போது இல்லை. அந்தப் பேச்சுக்கு வேறு பிரதியும் கிடையாது.

நடந்தது என்னவென்று பொறியியல் படிக்கும் தம்பி மகன் பார்த்துச் சொன்னான். டிரைவை ஃபேட்32 என்ற பழைய அமைப்புக்கு மாற்றியிருக்கிறார்கள். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்டவே முடியாது; ஒரு பைட்டாவது குறைந்திருக்க வேண்டும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் சாளரம் நெடுங்காலமாக 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு ஃபேட்32 தந்ததில்லை என்பதால், இதற்கென்றே தனி மென்பொருளைப் போட்டுச் செய்திருக்க வேண்டும் என்றான். திருப்பி ஏற்றும்போது, கோப்பு அளவுக்கு மீறியது என்று கணினி எச்சரித்த ஒவ்வொரு முறையும் ‘தவிர்’ என்பதை அழுத்திவிட்டு, தங்கள் கணினியில் இருந்த நகலையும் அழித்திருக்கிறார்கள். 2006 முதல் இருக்கிற எக்ஸ்ஃபேட் என்ற அமைப்பைத் தேர்ந்திருந்தால் இரண்டு கணினிகளிலும் எழுதியிருக்கலாம், இந்த 4 ஜிபித் தடையும் வந்திருக்காது. பணம் வாங்கித் தொழில் செய்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

கேட்கப் போனபோது முதலில் “டிரைவ் பழசு” என்றார்கள். பிறகு “நீங்கள் கொடுக்கும்போதே அவை இல்லை” என்றார்கள். அதன் பிறகு முதலாளி மதுரைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். கடைசியில் மீட்டுத் தருவதாக மேலும் 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, திறக்கவே திறக்காத சில கோப்புகளைக் கையில் கொடுத்தார்கள். பழைய தரவு கிடந்த இடத்தின்மேல் புதிதாக எழுதிய பின் மீட்பது அரிது என்பதைப் பணம் வாங்குமுன் ஒருவர்கூடச் சொல்லவில்லை. 4,800 ரூபாய்க்கு ரசீது கேட்டதற்கு, பில் புத்தகம் தீர்ந்துவிட்டதாம். இப்போது வாட்ஸ்அப்பில் நீல நிறக் குறி விழுகிறது, பதில் வருவதில்லை.

எந்த அமைப்பைத் தேர்வது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ் போதும். மேக்கும் சேர்ந்தால் எக்ஸ்ஃபேட்; ஆனால் அதை முறைப்படி வெளியேற்றாமல் பிடுங்காதீர்கள், என்டிஎஃப்எஸ்ஸைப் போலத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் பதிவேடு அதற்கு இல்லை. எந்த அமைப்புக்கு மாற்றப்போகிறார்கள் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். பெரிய கோப்புகளைக் கடையிலேயே திறந்து பார்க்கும்வரை அவர்கள் நகலை அழிக்க விடாதீர்கள். ஏதாவது காணோம் என்றால் அந்த நொடியிலிருந்து டிரைவில் எதையும் எழுதாதீர்கள், அதே கடையில் மீட்கவும் கொடுக்காதீர்கள்.