அம்மாவின் மருந்துப் பை

மூன்று வருடம் கழித்து இந்த முறை ஊருக்குப் போனேன். வாசலுக்கு வந்த அம்மா கால்களைத் தரையோடு தேய்த்துத் தேய்த்து நடந்தார். இரண்டு கைகளும் நடுங்கின. வீடியோ காலில் அவர் முகம் அசையாமல் இருந்ததெல்லாம் நெட் கோளாறு என்றுதான் நினைத்திருந்தேன். 78 வயது. பார்க்கின்சன் என்கிற நரம்பு நோய் என்று சொல்லி அதற்கும் மாத்திரை எழுதியிருந்தார்கள்.

மருந்து டப்பாவைக் கொட்டி எண்ணினேன். ஒரு நாளைக்கு 11 மாத்திரை, மூன்று டாக்டர்களின் சீட்டு. மூட்டுவலி மாத்திரைக்குச் சீட்டே இல்லை, கடையில் கேட்டு வாங்கியது.

முதியோர் மருத்துவம் படித்த ஒரு டாக்டரிடம் நேரம் கேட்டேன். "வீட்ல இருக்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டு வாங்க" என்றார். அரை மணி நேரம் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, இது எப்போது ஆரம்பித்தது, எதற்காக என்று அம்மாவிடமே கேட்டார். தேதி வரிசையில் அடுக்கியதும் எனக்கே புரிந்துவிட்டது. பிரஷருக்கு அம்லோடிபின், அதனால் கால் வீக்கம். வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை. அதனால் எழுந்து நின்றால் தலைசுற்றல். தலைசுற்றலுக்குச் சின்னரிசின். அது மூளையில் உடல் அசைவைச் சீராக வைக்கும் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கும்; வயதானவர்கள் மாதக்கணக்கில் சாப்பிட்டால் பார்க்கின்சன் மாதிரியே நடுக்கம் வரலாம். அம்மாவுக்கு அப்படித்தான் வந்திருக்க வேண்டும் என்றார். ஒரு மருந்தின் பக்கவிளைவை அடுத்த டாக்டர் புது நோய் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அம்மாவிடம் என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று அதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை.

தூக்கத்துக்கு அல்பிரசோலம் வேறு. முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளுக்கென்று 1991-இல் வந்த பீர்ஸ் பட்டியல் இருக்கிறது, 2023-இலும் புதுப்பித்திருக்கிறார்கள். தடுமாறி விழுவார்கள், மனக்குழப்பம் வரும் என்று இந்த வகைத் தூக்க மாத்திரைகள் அதில் இருக்கின்றன. ஆனால் சட்டென்று நிறுத்தினால் ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள் என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார்.

சின்னரிசினை அன்றே நிறுத்தச் சொன்னார். அம்லோடிபினைப் பாதியாக்கி, வீக்கம் வடிந்த பிறகு நீர் மாத்திரையையும் எடுத்துவிட்டார். பார்க்கின்சன் மாத்திரையை எழுதிய டாக்டரிடம் அவரே போனில் பேசினார்.

நான் திரும்பி வந்து மூன்று மாதம் ஆகிறது. நடுக்கம் முழுதாகப் போகவில்லை, ஆனால் அம்மா தானே சட்டைப் பட்டன் போடுகிறாராம் என்று தங்கை சொன்னாள். தூக்க மாத்திரை கால் பங்குக்கு வந்திருக்கிறது.