ரயில் ரசிகர் குழுவுக்குப் புது ஆள் சேர்ப்பது எப்படி: லிங்க்கா, போட்டியா, ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பா?

ஈரோட்டில் நாங்கள் ஒரு சின்ன ரயில் ரசிகர் குழு வைத்திருக்கிறோம். 11 பேராகத் தொடங்கியது. ஈரோட்டில் என்ஜின்களை நிறுத்திப் பராமரிக்கும் ஷெட்டுகள், மின்சாரத்துக்கு ஒன்றும் டீசலுக்கு ஒன்றும், இருக்கின்றன, ஜங்ஷனிலிருந்து சேலம், கோவை, கரூர் என்று மூன்று பக்கமும் பாதை பிரிகிறது. இப்படி ஒரு ஊரில் ரயில் பைத்தியம் பிடித்தவர்களுக்குப் பஞ்சமே இருக்காது என்றுதான் நினைத்தோம். பஞ்சம் இல்லைதான், ஆனால் அவர்கள் எங்கள் குழுவுக்கு வரவில்லை. வந்த சிலரும் பேசவில்லை. ஒரு கட்டத்தில் குழுவில் காலை வணக்கப் படங்களும் "இந்த வண்டி எத்தனை மணி லேட்?" என்ற கேள்வியும் மட்டுமே மிச்சம். அதற்குப் பிறகு இரண்டு வருடத்தில் மூன்று வழிகளைச் செய்து பார்த்தோம். நீங்கள் ரயிலுக்கு இல்லாமல் கிரிக்கெட்டுக்கோ, பழைய பாட்டுக்கோ குழு நடத்தினாலும் பிரச்சினை இதேதான் என்பதால் எழுதுகிறேன்.

இப்போதே சொல்லிவிடுகிறேன், நான் மாதச் சந்திப்பின் பக்கம். மற்ற இரண்டையும் ஒதுக்கவில்லை, ஆனால் அவற்றை நம்பிக் குழு நடத்த மாட்டேன்.

முதலில் லிங்க் பரப்பியது. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோரும் செய்வதுதான். வாட்ஸ்அப் குழுவின் இணைப்பை ஃபேஸ்புக்கில் போட்டோம், யூடியூப் ரயில் வீடியோக்களின் கீழே போட்டோம், க்யூஆர் கோடு அச்சடித்துத் தெரிந்த டீக்கடைகளில் ஒட்டினோம். காசு செலவில்லை, வேகமாக ஆள் வந்தது. வாட்ஸ்அப் குழுவில் 1024 பேர் வரை சேரலாம், நாங்கள் அதில் கால்வாசியைத் தொட்டதற்கே மகிழ்ந்து போனோம். ஆனால் வந்தவர்கள் யார், எதற்காக வந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. உள்ளே வந்தவருக்கும் நாங்கள் யார் என்று தெரியாது. பாதிப் பேர் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்தார்கள், சிலர் கடன் விளம்பரமும் வேலைவாய்ப்புச் செய்தியும் போட்டார்கள், அவர்களை நீக்குவதே இரண்டு அட்மின்களுக்கு ராத்திரி வேலையாகிப் போனது. பெரிய குழு வேண்டுமென்றால் டெலிகிராம் இருக்கிறது, அதில் 2 லட்சம் பேர் வரை சேரலாம், தொலைபேசி எண்ணை மறைக்கலாம், புதிதாக வந்தவர் பழைய செய்திகளைப் படிக்கும்படி திறந்தும் வைக்கலாம். வசதி என்று பார்த்தால் அதுதான் மேல். ஆனால் எங்கள் பக்கத்து ஆட்களில் பாதிப் பேர் கைப்பேசியில் டெலிகிராமே இல்லை, அதை ஏற்றச் சொன்னால் "அப்புறம் பார்க்கறேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

அடுத்தது போட்டி. மாதம் ஒரு புகைப்படப் போட்டி, வென்றவருக்குப் புத்தகமோ சின்ன ரயில் மாதிரியோ பரிசு. நடமாட்டத்தை மட்டும் பார்த்தால் இது போல் எதுவும் இல்லை. போட்டி அறிவித்த நாளிலிருந்து முடிவு வரும்வரை குழு கலகலவென்று இருக்கும். கூட்டாளிகளின் ஓட்டு வேண்டுமென்று ஒவ்வொருவரும் நாலு பேரைச் சேர்த்துவிடுவார்கள். முடிவு சொன்ன மறுநாள் அந்த நாலு பேரும் காணாமல் போவார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்போம்.

நிறுத்த வைத்தது வேறு. மூன்றாவது மாதம் ஒரு கல்லூரிப் பையன் அனுப்பிய படம், ஆற்றுப் பாலத்தை ஒட்டி எதிரே வரும் வண்டியை நேருக்கு நேர் எடுத்தது. படம் அருமைதான். ஆனால் அந்தக் கோணம் கிடைக்க வேண்டுமென்றால் தண்டவாளத்தின் மேலேயே நின்றிருக்க வேண்டும். அதற்கு ஓட்டுகள் குவிந்துகொண்டிருந்தன. ரயில்வே சட்டம் 1989-இன் 147-ஆம் பிரிவில் அத்துமீறி ரயில்வே இடத்துக்குள் போனால் ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், மின்சார என்ஜின் இழுத்து வரும் வண்டி எவ்வளவு சத்தமில்லாமல் வந்துவிடும் என்று நடைமேடையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பரிசு வைத்தால் அடுத்தவன் இன்னும் ஒரு அடி உள்ளே போய் நிற்பான். ஒரு பையனின் உயிரைப் பணயம் வைத்து வரும் நடமாட்டம் எங்களுக்கு வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்தோம். நடைமேடையிலிருந்து எடுத்த படங்கள் மட்டும் என்று விதி போட்டு நடத்தலாமே என்று கேட்கிறார்கள். நடத்தலாம். எங்களுக்குத் தெம்பு இல்லை.

சரி, சந்திப்புக்கு வருகிறேன். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, காலை இரண்டு மணி நேரம், ஈரோடு ஜங்ஷன் நடைமேடை. இரண்டு மணி நேரம் என்பதற்குக் காரணம், நடைமேடைச் சீட்டு அவ்வளவு நேரத்துக்குத்தான் செல்லும். ஆளுக்குப் பத்து ரூபாய்ச் சீட்டு, அவரவரே எடுத்துக்கொள்ள வேண்டும். நிலைய அதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவோம், மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது, பயணிகளுக்கு வழிவிட்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான் விதிகள். முடிந்ததும் வெளியே வந்து டீயும் வர்க்கியும்.

முதல் சந்திப்புக்கு ஏழு பேர் வந்தார்கள், அதில் ஐந்து பேர் நாங்களே. மனது சோர்ந்துதான் போனது. ஆனால் மீதி இரண்டு பேரில் ஒருவர், திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் அண்ணன், ஒரு சரக்கு வண்டி கடந்தபோது கேட்டார்: "ஏனுங்க, இந்த வண்டிக்கு மட்டும் எதுக்குங்க ரெண்டு என்ஜின் பூட்டியிருக்குது?" அந்த ஒரு கேள்விக்கு நாலு பேர் நாலு விதமாகப் பதில் சொல்ல, பாலக்காட்டுக் கணவாய், பாரம், ஏற்றம் என்று பேச்சு வளர்ந்து, டீக்கடை வரை போயிற்று. அந்த அண்ணன் எட்டு மாதமாகக் குழுவில் இருந்தவர். அதுவரை ஒரு எழுத்துக்கூடப் போட்டதில்லை. அன்று இரவு அவர் போட்ட படம்தான் குழுவில் அவருடைய முதல் செய்தி. இப்போது வாரத்துக்கு நாலைந்து தடவையாவது எழுதுகிறார்.

நேரில் நடக்கிற விஷயம் இதுதான். என்ஜின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கக் கற்றுக்கொடுக்கப் பத்து நிமிடம் போதும். டபிள்யூஏபி-7 என்றால் டபிள்யூ அகலப்பாதை, ஏ மாறுமின்னோட்டம், பி பயணிகள் வண்டிக்கானது, 7 அதன் மாதிரி எண். பி இருக்கும் இடத்தில் ஜி வந்தால் சரக்கு. அப்புறம் ஷெட் பெயர், ஈரோடா, ராயபுரமா, அரக்கோணமா என்று. பெட்டியைப் பார்த்து எல்எச்பி என்ற புது வகையா, ஐசிஎஃப் என்ற பழைய வகையா என்று சொல்லலாம். இதையே குழுவில் நீளமாக எழுதிப் போட்டால் யாரும் படிப்பதில்லை, நான் எழுதிப் போட்டிருக்கிறேன். நடைமேடையில், கண் முன்னால் வண்டி நிற்கும்போது சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடப் பிடித்துக்கொள்கிறது, அடுத்த வண்டிக்கு அதுவே நமக்குச் சொல்லிக்கொடுக்கிறது. வீட்டுக்குப் போன பிறகு அந்தப் பிள்ளைக்குக் குழுவில் எழுத ஒரு காரணம் கிடைத்துவிட்டது: தான் பார்த்த என்ஜின் எண்ணைப் போட வேண்டும், அது வழக்கமாக வரும் ஷெட்டா, வேறு ஷெட்டிலிருந்து மாறி வந்ததா என்று கேட்க வேண்டும்.

வயதானவர்களும் வருகிறார்கள். ஓய்வுபெற்ற லோகோ பைலட் ஒருவர், நாங்கள் ஐயா என்றே கூப்பிடுவோம், வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் தவிர எதையும் அனுப்பாதவர். நேரில் அவர் வாய் திறந்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். மேட்டுப்பாளையம் மலை ரயிலில் என்ஜின் ஏன் முன்னால் இழுக்காமல் பின்னாலிருந்து தள்ளுகிறது, கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பல்சக்கரத் தண்டவாளம் எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று அவர் கையை வைத்துக் காட்டிய விளக்கத்தை ஒரு தம்பி பதிவு செய்து போட்டான். அந்த மாதம் முழுக்கக் குழு அதைப் பற்றித்தான் பேசியது.

இனி பராமரிப்பு. ஆள் சேர்ப்பதைப் பற்றிப் பேசுகிற யாரும் இதைப் பேசுவதில்லை, என் முடிவுக்கு முழுக் காரணமும் இதுதான். குழுவுக்குப் புதிதாக வருபவர் முதல் வாரத்தில் ஒரு கேள்வி கேட்பார், அல்லது ஒரு படம் போடுவார். அதற்கு ஒருநாளுக்குள் யாராவது ஒருவர் பெயர் சொல்லிப் பதில் போட வேண்டும். போட்டால் இருப்பார். போடாவிட்டால் இரண்டாவது தடவை வாய் திறக்க மாட்டார், குழுவை விட்டு வெளியேறவும் மாட்டார், அப்படியே எண்ணிக்கையில் ஒன்றாகக் கிடப்பார். இதை நான் எங்கள் குழுவிலேயே ஒவ்வொரு ஆளாகப் பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். இன்றைக்குச் சுறுசுறுப்பாக எழுதுகிற ஒவ்வொருவருக்கும் அவருடைய முதல் செய்திக்குக் கீழே யாரோ ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். மௌனமாகிப் போனவர்களின் முதல் செய்திக்குக் கீழே பெரும்பாலும் ஒன்றுமில்லை, அல்லது நாலு கட்டைவிரல்.

அப்படியானால் கேள்வி இதுதான்: ஒரே நாளில் முப்பது பேர் வந்தால் முப்பது பேருக்கும் யார் பதில் எழுதுவது? நாங்கள் அட்மின்கள் மூன்று பேர். ஒருவருக்கு விசைத்தறி, ஒருவருக்கு மஞ்சள் மண்டியில் கணக்கு வேலை, எனக்குப் பள்ளிக்கூடம். லிங்க் பரப்பிய மாதத்தில் இரவு பத்து மணிக்கு மேல்தான் கைப்பேசியைத் திறக்கவே முடிந்தது, அதுவும் விளம்பரம் போட்டவனை நீக்குவதிலேயே நேரம் போயிற்று, புதியவரின் கேள்வி மேலே எங்கோ புதைந்துவிட்டது. போட்டி நடத்திய மாதங்களில் படங்களைச் சரிபார்க்க, ஓட்டு எண்ண, தோற்றவரின் மனத்தாங்கலைச் சமாதானம் செய்ய என்று வேலை இன்னும் அதிகம். சந்திப்பில் ஒரு மாதத்துக்கு மூன்று பேர், மிஞ்சிப்போனால் ஐந்து பேர்தான் புதிதாக வருகிறார்கள். ஐந்து பேருக்குப் பதில் எழுத எங்களால் முடியும். அதைவிட முக்கியம், நாங்கள் எழுத வேண்டிய அவசியமே குறைந்துவிட்டது. நேரில் பார்த்தவரின் படம் குழுவில் வந்தால், "அடடா, நம்ம தம்பி" என்று அன்று வந்திருந்த வேறு யாராவது பதில் போட்டுவிடுகிறார்கள். ஒரு வருடம் நடந்த பிறகு புதியவர்களின் முதல் கேள்விகளுக்குப் பெரும்பாலும் அட்மின் அல்லாதவர்கள்தான் பதில் சொல்கிறார்கள்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு இது உதவாது. துபாயிலும் பெங்களூரிலும் இருக்கும் எங்கள் பழைய ஆட்கள் தாங்கள் ஒதுக்கப்பட்டதாக நினைக்கிறார்கள், அது நியாயமான வருத்தம். சந்திப்பு முடிந்ததும் அன்று பார்த்த என்ஜின் எண்களைப் பட்டியலாகப் போடுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி நான் கண்டுபிடிக்கவில்லை. பெண்கள் மிகவும் குறைவாகவே வருகிறார்கள், பெற்றோருடன் வரும் சிறுமிகள் இரண்டு பேர், தமிழாசிரியை ஒருவர், அவ்வளவுதான். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் வீட்டுப் பெரியவருடன்தான் வர வேண்டும் என்று வைத்திருக்கிறோம், அதனால் சில பையன்கள் வர முடியாமல் போவதும் உண்மை. ஐப்பசி மழையில் இரண்டு தடவை யாருமே வரவில்லை.

இன்னொன்று, எங்கள் குழு சின்னது. ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கும் நடிகர் ரசிகர் குழுவுக்கோ, ஐபிஎல் அணிக் குழுவுக்கோ இது பொருந்துமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அங்கே ஊர்வாரியாகப் பிரித்து நடத்தினால் நடக்கும் என்று தோன்றுகிறது, ஆனால் நான் நடத்திப் பார்த்ததில்லை.

லிங்க்கை நாங்கள் இப்போது சந்திப்புக்கு வந்தவர்களிடம் மட்டும் கொடுக்கிறோம். டெலிகிராமை அலமாரியாக மட்டும் வைத்திருக்கிறோம், 2 ஜிபி வரையிலான கோப்பை அப்படியே ஏற்றலாம் என்பதால் ஐயாவின் பதிவுகளும் பெரிய படங்களும் அங்கே போகின்றன, தேடினால் கிடைக்கும். காட்டு யானைகள் கடக்கும் மதுக்கரை, வாளையார் பக்கம் சந்திப்பு வைக்கலாம் என்று அடிக்கடி கேட்கிறார்கள், அதற்கு மட்டும் எப்போதும் இல்லை என்றே சொல்கிறோம். காட்டுக்குள் கூட்டமாகப் போய் நிற்பது யானைக்கும் நல்லதல்ல, நமக்கும் நல்லதல்ல.

அடுத்த மாதம் முதல்முறையாக ஊர் மாற்றி, போத்தனூரில் கூடுகிறோம். 1862-இல் சென்னையிலிருந்து பேப்பூர் வரை போட்ட பாதையில் வந்த பழைய நிலையம், அகலம் குறைந்த மீட்டர்கேஜ் பாதை இருந்த காலத்தில் அங்கே வண்டி மாறி ஏறியவர்கள் எங்கள் குழுவிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். கோவைக்காரர்கள் நிறைய பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பத்துப் பேருக்கு மேல் புதிதாக வந்தால் முதல் வாரப் பதில்களை யார் யார் பார்ப்பது என்று பெயர் எழுதிப் பிரித்து வைத்திருக்கிறோம், அந்தத் திருப்பூர் அண்ணனும் நாலு பேரைத் தன் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறார்.