கழற்றி மாற்றும் ஆர்கேட் கன்ட்ரோல் பேனல்: எந்த வயரிங் நீண்ட நாள் தாங்குகிறது?

கணினி வைத்து வீட்டில் அமைக்கும் ஆர்கேட் கேபினெட்டில், எல்லா விளையாட்டுக்கும் ஒரே பலகையில் (பேனலில்) கன்ட்ரோல் வைத்தால், கை வைக்க இடமில்லாமல் போகும். பேக்-மேனுக்கு (1980) நான்கு திசைக் குச்சி வேண்டும். எட்டுத் திசைக் குச்சியில் ஆடினால் முனை திரும்பும் நேரத்தில் இரண்டு சுவிட்ச் சேர்ந்து அழுந்தி, உருவம் திரும்பாமல் போய்விடும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்கு (1991) எட்டுத் திசையோடு ஆளுக்கு ஆறு பட்டன் தேவை. மிசைல் கமாண்டுக்கு டிராக்பால் (கையால் உருட்டும் பந்து), டெம்பெஸ்ட்டுக்கு ஸ்பின்னர் (சுழற்றும் குமிழ்), ரோபோட்ரானுக்கு இரட்டைக் குச்சி. அதனால்தான் பேனலையே மாற்றும் ஏற்பாடு. இதில் மரவேலை ஒருமுறை சரியாக அமைந்தால் அப்படியே இருக்கும். ஆண்டுக்கணக்கில் தொல்லை தருவது, பேனலுக்கும் கேபினெட்டுக்கும் இடையே ஓடும் இணைப்புதான்.

இதற்கு இரண்டு வழி உண்டு. முதல் வழியில் என்கோடர் போர்டு (பட்டன், குச்சி அழுத்தங்களைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மின்பலகை) கேபினெட்டுக்குள் நிலையாக இருக்கும். பேனலின் எல்லா வயரும் ஒரு பல்முனைக் கனெக்டர் வழியாக வரும். இரண்டு பேர், ஆளுக்கு நான்கு திசை, ஆறு பட்டன் என்றால் 20 வயர். ஸ்டார்ட் இரண்டு, காயின் இரண்டு சேர்த்து 24. எல்லாப் பட்டனுக்கும் பொதுவான கிரவுண்டுக்கு ஒன்று போட்டால் 25 முனை கொண்ட டிபி-25 கச்சிதமாக நிறைந்துவிடும். பலர் ஏமாறுவது இந்தக் கச்சிதத்தில்தான். கிரவுண்ட் ஒரே முனையில் நிற்பதால், அந்த ஊசி கொஞ்சம் வளைந்தாலும் பேனல் மொத்தமும் செத்துவிடும். இந்த வழியில் போவதென்றால் டிபி-37 வாங்குங்கள். நான்கு முனையைக் கிரவுண்டுக்கு ஒதுக்கினாலும் ஒன்பது மிச்சம் இருக்கும். பாஸ் (இடைநிறுத்தம்), எக்ஸிட், பின்பாலுக்கான பக்கவாட்டு பட்டன்கள் எல்லாம் அதில் அடங்கும்.

டிபி கனெக்டரின் பக்கத் திருகுகளை முதல் சில தடவை எல்லாரும் ஒழுங்காக முடுக்குவார்கள். பிறகு செருகுவதோடு விட்டுவிடுவார்கள். ஆட்டத்தில் பேனல் அதிர அதிர கனெக்டர் மெல்ல வெளியே நகரும். ஒரு பட்டன் மட்டும் விட்டு விட்டு வேலை செய்யும். பட்டனையே மாற்றிப் பார்த்தும் சரியாகவில்லை என்றால் முதலில் இங்கே பாருங்கள். கேபிளைக் கேபினெட் பக்கம் ஒரு கிளிப்பால் பிடித்து வைத்தால், அதன் எடை கனெக்டரை இழுக்காது.

இரண்டாவது வழி, பேனலுக்கு ஒரு என்கோடர். நடுவில் ஓடுவது ஒரே ஒரு யூஎஸ்பி கேபிள். பேனல் எண்ணிக்கைக்கு ஏற்ப போர்டு வாங்க வேண்டும் என்பது மட்டுமே இதில் செலவு. நீண்ட நாள் புழக்கத்துக்கு இதையே பரிந்துரைப்போம். டிராக்பால், ஸ்பின்னர் உள்ள பேனலுக்கு வேறு யோசனையே வேண்டாம்: அவற்றின் ஒளிச் சென்சாருக்கு 5 வோல்ட் மின்சாரமும், ஓர் அச்சுக்கு இரண்டு சிக்னல் வயரும் தேவை. அதைப் பட்டன் வயர்களோடு நீளமாக இழுத்துப் போவதைவிட பேனலுக்குள்ளேயே யூஎஸ்பி ஆக்கிவிடுவது மேல். சாதாரண யூஎஸ்பி-ஏ இணைப்பு குறைந்தது 1,500 முறை செருகி எடுக்கத் தாங்கும்படி வரையறுக்கப்பட்டது. வீட்டுப் புழக்கத்துக்கு அது தாராளம். போர்டில் உள்ள சாக்கெட்டில் நேரடியாகச் செருகி எடுக்காதீர்கள். பேனலின் பின்பக்கம் திருகு வைத்துப் பூட்டும் சாக்கெட் ஒன்று போட்டு, போர்டுக்கு உள்ளே குட்டைக் கேபிள் விடுங்கள்.

மலிவான ‘ஜீரோ டிலே’ போர்டுகளில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு ஆட்டக்காரருக்கு இரண்டு போர்டு போட்டால், இரண்டும் கணினிக்கு ஒரே அடையாள எண்ணைத்தான் சொல்லும். பேனலை மாற்றிச் செருகும்போது முதல் ஆளும் இரண்டாம் ஆளும் இடம் மாறிவிடலாம். மேம் (MAME, பழைய ஆர்கேட் விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) கன்ட்ரோலர் கோப்பில் எந்தச் சாதனம் எத்தனையாவது ஜாய்ஸ்டிக் என்று கட்டிப்போடலாம். லினக்ஸில் எந்த யூஎஸ்பி போர்ட்டில் செருகியிருக்கிறது என்பதை வைத்தும் பிரிக்கலாம். அதைவிட எளிது, ஐ-பேக் 2 போன்ற, கணினிக்கு விசைப்பலகையாகத் தெரியும் வகை என்கோடர். 32 உள்ளீடு இருப்பதால் ஒரே போர்டில் இருவரும் அடங்குவார்கள். முதல் ஆளுக்கு அம்பு விசைகள், கன்ட்ரோல், ஆல்ட், ஸ்பேஸ் என்று மேமின் இயல்பு அமைப்போடு ஒத்துப்போகும். பேனல் மாறினாலும் அமைப்பைத் தொட வேண்டியதில்லை. ஜாய்ஸ்டிக் வகை போர்டு என்றால், விளையாட்டைத் தொடங்கும் முன்பே பேனலை மாற்றிவிடுங்கள்.

இனி பேனலுக்குள். கிரவுண்ட் வயரைப் பட்டனுக்குப் பட்டன் சங்கிலியாகக் கொண்டுபோவது வழக்கம். அதன் கடைசி முனையையும் போர்டின் கிரவுண்டுக்கே திருப்பிக் கொண்டுவந்து வளையமாக்குங்கள். சங்கிலியில் ஓர் இடம் விட்டுப்போனால் அதற்கு அப்பால் உள்ள பட்டன் எல்லாம் போய்விடும். வளையத்தில் ஓர் இடம் அறுந்தாலும் எதுவும் நிற்காது. கூடுதல் வேலை ஒரே ஒரு வயர். கழற்றி மாற்றும் பேனல் அடிக்கடி தூக்கி வைக்கப்படுவதால் இதைத் தவிர்க்கவே கூடாது.

வயர் பல இழை கொண்டதாக, 22 ஏடபிள்யூஜி அளவில் இருக்கட்டும். ஒற்றைக் கம்பி வயர் வளைந்து வளைந்து, உறைக்குள்ளேயே முறிந்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. முனைகளுக்குக் கிரிம்ப் டெர்மினல் (வயரில் நசுக்கிப் பொருத்தும் உலோக முனை): குச்சியிலும் பட்டனிலும் உள்ள மூன்று முனை மைக்ரோ சுவிட்ச்களுக்கு 4.8 அல்லது 6.3 மிமீ, சான்வா நிறுவனப் பட்டனுக்கு 2.8 மிமீ. அளந்துவிட்டு வாங்குங்கள். கட்டிங் பிளையரால் நசுக்கிய கிரிம்ப் சில மாதத்தில் தளரும். ராட்செட் கிரிம்பர் ஒன்று வாங்கினால் அந்தக் கவலை இல்லை. அழுத்திய பின் ஒவ்வொரு வயரையும் கையால் இழுத்துப் பாருங்கள்.

மைக்ரோ சுவிட்சில் காம் (COM, பொது) முனைக்குக் கிரவுண்ட், என்ஓ (NO, அழுத்தினால் இணையும்) முனைக்குச் சிக்னல். என்சி (NC, அழுத்தாதபோது இணைந்திருக்கும்) முனையில் மாட்டினால் பட்டன் எப்போதும் அழுந்தியே இருப்பதாகக் கணினி எண்ணும். குச்சியை இடப்பக்கம் சாய்த்தால் அடிப்பகுதி வலப்பக்கம் போய் வலது சுவிட்சை அழுத்தும். திசை தலைகீழாக வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

எல்இடி பட்டன் வைத்தால் அதன் மின்சாரத்துக்கு வேறு வடிவத்தில் தனிக் கனெக்டர் போடுங்கள். 12 வோல்ட் தவறிப்போய் ஓர் உள்ளீட்டு முனையைத் தொட்டால் என்கோடர் கருகிவிடும். இதில் சிக்கனம் வேண்டாம்.

பேனலைக் கேபினெட்டில் பிடிக்க அடியில் இரண்டு இழுப்புத் தாழ் போதும். ஆனால் இடம் தவறாமல் உட்கார இரண்டு மர முளை (டோவல்) அவசியம். 18 மிமீ எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) என்றால் நீண்ட மரையுள்ள பட்டன் வாங்குங்கள். சான்வாவின் சொருகு வகை மெல்லிய தகட்டுக்கானது. குச்சியின் தண்டு குட்டையாகத் தெரியாமல் இருக்க, அடியில் ரூட்டரால் (மரம் குடையும் கருவி) குழி வெட்டி உள்ளே இறக்க வேண்டும்.

கழற்றிய பேனலை முகம் கீழாக வைக்காதீர்கள். எடை முழுவதும் குச்சியின் தண்டில் இறங்கும். பக்கவாட்டில் நிமிர்த்தி, கேபிளைச் சுருட்டி உள்ளே கட்டி வையுங்கள். எந்த நிற வயர் எந்த முனைக்குப் போகிறது என்ற பட்டியலை ஒவ்வொரு பேனலின் அடியிலும் ஒட்டிவையுங்கள். பழுது பார்க்கும்போது மல்ட்டிமீட்டரின் கன்டினியூட்டி ஒலியோடு அந்தப் பட்டியலும் இருந்தால், விட்டுப்போன வயரைச் சில நிமிடத்தில் பிடித்துவிடலாம்.