ஷெல்செக்: அன்றைக்கே போட்டிருக்கலாம்

எங்கள் அலுவலக பேக்கப் ஸ்கிரிப்ட் ராத்திரி 2 மணிக்கு க்ரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டுவது) ஓடும். முதல் வரியில் பேக்கப் டிஸ்குக்குள் போக சிடி (cd) கமாண்ட். அடுத்த வரியில், 7 நாளுக்கு மேல் பழசான கோப்புகளை ஃபைண்ட் தேடி அழிக்கும். ஒரு நாள் டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை. சிடி தோற்றது. ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷ் அதைக் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டது. க்ரான் வேலையை ஹோம் டைரக்டரியில்தானே தொடங்கும்? அங்கே இருந்த என் பழைய கோப்புகள் மொத்தமும் போயே போச்சு. ஸ்கிரிப்டை எழுதியவன் நான்தான், யாரைத் திட்டுவது?

அப்புறம்தான் ஷெல்செக் போட்டேன். இலவசம், உபுண்டுவில் ஆப்ட் மூலம் ஒரே வரியில் வந்துவிடும். ஸ்கிரிப்டை ஓட்டாமல், படித்துப் பார்த்தே குறை சொல்லும். அதே ஸ்கிரிப்டைக் கொடுத்தேன். சிடி வரிக்கு நேர் கீழே எஸ்சி2164 என்ற எச்சரிக்கை: சிடி தோற்கலாம், பக்கத்தில் இரட்டைக் கோடு (||) போட்டு எக்ஸிட் சேர். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்த எச்சரிக்கை 2155. ஃபங்ஷனுக்குள் ஒரு வேரியபிளை லோக்கல் என்று எழுதி, அதே வரியிலேயே ஒரு கமாண்டின் அவுட்புட்டையும் வாங்கி வைப்பது என் நெடுநாள் பழக்கம். உள்ளே இருக்கும் கமாண்ட் 1 என்று தோற்றாலும், லோக்கல் தன் வேலை முடிந்தது என்று 0, அதாவது வெற்றி, தந்துவிடும். கமாண்ட் தோற்றால் ஸ்கிரிப்டை நிறுத்தும் செட் மைனஸ் ஈ போட்டிருந்தும் ஸ்கிரிப்ட் நிற்காமல் ஓடியது ஏன் என்று அன்றுதான் புரிந்தது. முதலில் லோக்கல், அடுத்த வரியில் அவுட்புட் என்று பிரித்து எழுதினால் சரி.

குறை என்றால் பைப்தான், அதாவது ஒரு கமாண்டின் அவுட்புட்டை அடுத்ததற்குள் விடுவது. டேட்டாபேஸ் டம்ப்பை, சுருக்குவதற்காக ஜிஜிப்புக்குள் விடுகிறோம். டம்ப் ஆரம்பத்திலேயே விழுந்தாலும் கடைசியில் இருக்கும் ஜிஜிப் 0 தரும். கையில் மிஞ்சுவது 20 பைட் கோப்பு. பைப்பில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லவைக்கும் பைப்ஃபெயில் போடவில்லையே என்று ஷெல்செக் தானாக வாய் திறக்காது. அதற்கு 2312 என்று ஒரு சோதனை உண்டு, ஆனால் நாமாகத்தான் இயக்க வேண்டும். எல்லாவற்றையும் இயக்கினால், வேரியபிள் ஒவ்வொன்றுக்கும் சுருள் அடைப்புக்குறி போடச் சொல்லி உயிரை எடுக்கும். நான் அந்த ஒன்றை மட்டும் இயக்கி வைத்திருக்கிறேன்.

குறை கண்டால் ஷெல்செக்கே 1 என்று திரும்பும். அதனால் கிட் ப்ரீ-கமிட்டில் (கமிட் பதிவாகும் முன் ஓடும் சோதனை) கோத்துவிட்டேன். மறுநாளே என் கமிட்டைத் தடுத்தது. மறுபடியும் சிடி.